பாட்டுக்கு வாசிக்காத இயந்திரம்

'ப்ளூ', 'ஹெஜிரா' ஆகிய ஆல்பங்கள் வழியாக பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலை நேசிக்கத் தொடங்கியவர்கள் 'டாக் ஈட் டாக்' வரைக்கும் வந்து சேரும்போது பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. 1985 அக்டோபரில் கெஃபன் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் பத்துப் பாடல்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சின்தசைசரும் சாம்பிள் செய்த (பதிந்தெடுத்து வாசித்த) ஓசைகளும் பெரிதாக முழங்கும் ட்ரம்ஸும்தான் முன்னால் நிற்கின்றன. 1974இல் அவருடைய 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 'டாக் ஈட் டாக்' 63ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. விற்பனையை வைத்து ஒரு படைப்பை எடைபோட முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஆல்பத்தை விற்பனைக் கணக்கை மறந்துவிட்டுக் கேட்டாலும் மனம் ஒட்டுவதில்லை. ஏன் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய கடமை ஏமாந்த ரசிகருக்கு இருக்கிறது.

கிடாரோடும் பியானோவோடும் வளர்ந்த ஒரு பாடலாசிரியர் எலக்ட்ரானிக் பாப்புக்கு மாறும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். இயந்திரம் உயிரைக் குடித்துவிட்டது என்பது ஒன்று. ரசிகர்களுக்கு மாற்றம் பிடிக்காது, அவர்கள் பழையதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பு கருவியின் மேல் பழியைப் போடுகிறது, இரண்டாவது கேட்பவரின் மேல் போடுகிறது. இரண்டுமே பாடல்களைக் கேட்காமல் சொல்லக்கூடியவை. ஜோனி மிட்செல் விஷயத்தில் இரண்டுமே பொருந்தாது.

முதலில், அவருடைய இசை எங்கிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். சிறுவயதில் வந்த போலியோ அவருடைய இடது கையை வலுவிழக்கச் செய்தது. வழக்கமான கிடார் ட்யூனிங்கில் சில கார்டுகளைப் பிடிக்கச் சிரமம். அதனால் தந்திகளையே வேறு சுருதிகளுக்கு மாற்றி, விரல் அதிகம் அழுத்தாமலே செழுமையான ஒலிக்கூட்டு கிடைக்கும்படி செய்துகொண்டார். இப்படி அவர் உண்டாக்கிய ட்யூனிங்குகள் சுமார் ஐம்பது இருக்கும். வேறு எவரும் எளிதில் போய்ச் சேர முடியாத கார்டுகள் அந்தக் கையின் குறையிலிருந்துதான் வந்தன. மேஜரா மைனரா என்று தீர்மானிக்க முடியாமல், தீராத கேள்வி போல அவை நிற்கும். 'ப்ளூ' (1971) உள்ளிட்ட எழுபதுகளின் ஆல்பங்களில் தயாரிப்பாளர் என்று இன்னொருவர் பெயர் இல்லை. ஒலிப்பதிவாளர் ஹென்றி லூவியின் துணையோடு எல்லா முடிவுகளையும் அவரே எடுத்தார்.

அந்த முடிவுகள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு 'ஹெஜிரா'வில் (1976) உள்ள 'அமேலியா' பாடல் ஒன்றே போதும். 1937இல் பசிபிக் கடலுக்கு மேல் காணாமல்போன விமானி அமேலியா இயர்ஹார்ட்டை விளித்து, தனியே நெடுஞ்சாலையில் காரோட்டிச் செல்லும் ஒரு பெண் பாடுகிறாள். ட்ரம்ஸ் இல்லை, பேஸ் கிடாரும் இல்லை. மிட்செலின் கிடார், லாரி கார்ல்டனின் லீட் கிடார், விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ரஃபோன், அவ்வளவுதான். ஒவ்வொரு சரணமும் ஒரே வரியில் போய் முடிகிறது. ஆனால் அந்த வரியை அவர் ஒரே மாதிரி இறக்குவதில்லை. ஒருமுறை சொல் தாளத்துக்கு முந்திக்கொள்கிறது, இன்னொருமுறை பின்தங்கி வந்து சேர்கிறது. நம் சங்கீதத்தில் அதீத எடுப்பு, அநாகத எடுப்பு என்று வகுத்து வைத்திருக்கும் சுதந்திரத்தை அவர் பேச்சின் இயல்பிலிருந்தே கண்டெடுக்கிறார். கிடாரும் அவர் கையில்தான் இருக்கிறது என்பதால், சொல் தாமதித்தால் கிடாரும் காத்திருக்கிறது.

நம் கச்சேரி மேடையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பாட்டுக்கு வாசிப்பது. நல்ல மிருதங்கக்காரர் தன் கணக்கை ஒப்பிக்க வருவதில்லை. பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லில் தங்குகிறார் என்று காது கொடுத்துக்கொண்டே வாசிக்கிறார். 'ஹெஜிரா'வின் நான்கு பாடல்களில் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடார் வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்ததும் இதுதான். அடித்தளத்தில் அடங்கி நிற்காமல், குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். மிட்செலின் பாடல் ஒரு உரையாடல். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் காது ஒன்று அதற்கு வேண்டும்.

இனி அந்த இரண்டு தீர்ப்புகளுக்கு வருவோம். மிட்செலுக்கு மின்னணு ஒலி புதிதல்ல. 1975இல் வந்த 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' ஆல்பத்தின் 'தி ஜங்கிள் லைன்' பாடலில், புருண்டி நாட்டுப் பறை முழக்கத்தின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் மூக் சின்தசைசரின் உறுமலை வைத்துப் பாடினார். சாம்பிள் என்பது பாப் இசையில் அன்றாட வழக்கமாவதற்குப் பல வருஷங்கள் முன்பு நடந்த காரியம் அது. இன்று கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும். அவருடைய ரசிகர்களுக்கு மாற்றமும் புதிதல்ல. நாட்டார் பாடகியாகத் தொடங்கியவர் ஜாஸுக்குள் போய், 1979இல் ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸோடு சேர்ந்து உருவாக்கிய பாடல்களைக் கொண்டு ஒரு ஆல்பமே வெளியிட்டார். அதுவரை கூடவே வந்த காதுகள் ஒரு சின்தசைசரைக் கண்டு மிரண்டுவிட்டன என்று சொல்வது நியாயமில்லை.

1985இல் மாறியது என்ன? ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவி அப்போது இசையுலகை ஆண்டுகொண்டிருந்தது. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கி, 1979இல் சந்தைக்கு வந்த கணினி அது. கண்ணாடி உடைவதோ நாய் குரைப்பதோ, எந்த ஓசையையும் அதற்குள் பதிந்து, கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி, வேண்டிய சுருதியில் வாசிக்கலாம். ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள். திரையில் ஒளிப்பேனாவால் ஒலியின் அலைவடிவத்தைத் திருத்தலாம். 1982இல் வந்த பதிப்பில் தாளக்கட்டுகளைத் திரையிலேயே கட்டம் கட்டமாக அடுக்கி ஓடவிடலாம். மிட்செலின் அப்போதைய கணவரும் பேஸ் கலைஞருமான லாரி க்ளைன் இந்தப் புதிய ஒலிகளில் ஆர்வமாக இருந்தார். அந்தக் கருவியில் தேர்ந்தவரான ஆங்கிலேயக் கலைஞர் தாமஸ் டால்பி உள்ளே வந்தார். ஆல்பத்தின் தயாரிப்பாளர்களாக மிட்செல், க்ளைன், டால்பி, மைக் ஷிப்லி என்று நான்கு பெயர்கள் அச்சாயின. தன் இசையைத் தானே நடத்திவந்த ஒருவரின் ஆல்பத்தில் இது சின்ன மாற்றமில்லை.

விளைவு முதல் பாடலிலேயே காதில் விழுகிறது. 'குட் ஃப்ரெண்ட்ஸ்' மைக்கேல் மெக்டொனால்டோடு சேர்ந்து பாடிய ஜோடிப் பாட்டு. இரண்டு அருமையான குரல்கள், நட்பின் விரிசலையும் விடாப்பிடியையும் பற்றிய நல்ல கரு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ட்ரம்ஸ் ஒரே கனத்தில் விழுகிறது. சொல் சற்றே தங்கி நிற்க நினைக்கும் இடத்தில் தாளம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. 'டாக்ஸ் ஃப்ரீ'யில் இன்னும் மோசம். தொலைக்காட்சிப் பிரசங்கிகளைச் சாடும் பாடல் அது. நடிகர் ராட் ஸ்டைகர் பிரசங்கியாகவே மாறி முழங்குகிறார். அந்த முழக்கம், கிடார், கீபோர்டு, ட்ரம்ஸ் எல்லாம் ஒரே உயரத்தில் மோதுகின்றன. இந்த இரைச்சலுக்கு நடுவில் மிட்செல் தன் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அவருடைய பலம் ஒருபோதும் குரலை உயர்த்துவதில் இருந்ததில்லை. வின்னி கொலையூட்டா போன்ற மகத்தான ட்ரம்ஸ் கலைஞர் இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். அவருடைய வாசிப்பும் ஏற்கெனவே போட்டுவைத்த சட்டத்துக்குள் பொருத்தியது போலவே கேட்கிறது. எல்லாரும் வாசிக்கிறார்கள், யாரும் பாட்டுக்கு வாசிக்கவில்லை.

சொற்களிலும் இதே இறுக்கம் நுழைந்துவிட்டது. ரீகன் காலத்து அமெரிக்காவின் பேராசை, விளம்பர மோகம், மதவாத அரசியல் என்று மிட்செல் எடுத்துக்கொண்ட விஷயங்கள் அத்தனையும் அவசியமானவை. சமூக விமர்சனம் அவருக்குக் கைவராததும் இல்லை. 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' முழுக்க அதுதான். அங்கே ஒரு புறநகர் வீடு, அதில் அடைபட்ட ஒரு மனைவி, அவள் கண்ணில் படும் புல்வெளி என்று பொருள்களின் வழியாக ஒரு வர்க்கத்தையே காட்டினார். 'டாக் ஈட் டாக்'கில் பட்டியல்களும் கண்டனங்களும் வருகின்றன. ஆள் யாரும் கண்முன் வருவதில்லை. மாறாத தாளத்தின் மேல் எழுதும்போது வாக்கியமும் முழக்கமாகச் சுருங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தத் தாளத்தில் தயக்கத்துக்கு இடமில்லை. தயங்கித் தயங்கி உண்மைக்கு வந்து சேர்வதுதான் மிட்செல் என்ற கவிஞரின் வழி.

இந்த ஆல்பத்தின் பக்கம் நின்று ஒரு வாதம் வைக்கலாம், அதை ஒதுக்கிவிட முடியாது. பளபளப்பான பொருள்களின் உலகத்தைப் பற்றிப் பாடும்போது ஒலியும் பளபளப்பாகத்தானே இருக்க வேண்டும்? 'ஷைனி டாய்ஸ்' விளம்பரப் பாட்டு போல ஒலிப்பது வேண்டுமென்றே செய்ததுதானே? மரக்கிடாரின் இதமான ஒலியில் 1985இன் தொலைக்காட்சியைப் பற்றிப் பாடுவது ஒருவகைத் தப்பித்தல் ஆகாதா? நல்ல கேள்விகள். ஆனால் எதிரியின் மொழியை எடுத்துப் பேசுகிறவர் அந்த மொழிக்கு வெளியே தான் நிற்கும் இடத்தையும் காட்ட வேண்டும். விளம்பரத்தின் ஒலிக்கும் பாடகியின் குரலுக்கும் இடையே ஒரு இடைவெளி கேட்க வேண்டும். 'ஷைனி டாய்ஸ்'ஸில் அந்த இடைவெளி கேட்பதில்லை. நோக்கம் புரிகிறது, பாடல் நோக்கத்துக்குத் துணைநிற்கவில்லை.

இதே ஆல்பத்தில் அந்த இடைவெளி பிரமாதமாகக் கேட்கும் இடங்களும் உண்டு. 'ஸ்மோக்கிங்' என்ற குட்டிப்பாட்டு ஒரு சிகரெட் விற்கும் இயந்திரத்தின் ஓசையைச் சாம்பிள் செய்து தாளமாக்கியிருக்கிறது. காசு போட்டு இழுக்கும் கடகடப்பின் மேல், மிட்செலின் குரல் அடுக்கடுக்காக வந்து படிகிறது. சிறுவயதிலிருந்தே புகைபிடித்தவர் அவர். பழக்கத்தின் இயந்திரத்தனத்தைச் சொல்ல அந்த இயந்திரத்தையே வாசிக்க வைத்தது சாம்பிளால் முடிந்த காரியம். கிடாரை வைத்து இந்தப் பாடலைச் செய்திருக்க முடியாது. 'இம்பாசிபிள் ட்ரீமர்' பாடலில் வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோன் குரலின் பின்னாலேயே வந்து, சொல் முடிந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு ஒதுங்குகிறது. அங்கே மீண்டும் ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கிறது. நீட்சேயின் வாசகம் ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்ட 'தி த்ரீ கிரேட் ஸ்டிமுலன்ட்ஸ்' தன் ஆறு நிமிடங்களில் மெதுவாக விரிந்து, சின்தசைசரின் நீண்ட ஒலிகளை ஒரு இருட்டு போல வைத்துக்கொள்கிறது. பஞ்ச நிவாரணத்துக்கான லைவ் எய்ட் கச்சேரிகள் நடந்த அதே ஆண்டில் வந்த 'எத்தியோப்பியா', பஞ்சத்தைப் பற்றி நன்கொடை கேட்கும் தொனியில்லாமல் பாடுகிறது. இந்த நான்கும் மெதுவானவை அல்லது வெற்றிடம் உள்ளவை. ஆல்பம் தோற்கும் இடமும் வெல்லும் இடமும் ஒரே விதியைத்தான் காட்டுகின்றன: ஒலி குரலுக்குக் காது கொடுத்து இடம் விட வேண்டும்.

அந்த விதியைச் சோதித்துப் பார்க்க 1985ஆம் ஆண்டே வசதி செய்து தருகிறது. 'டாக் ஈட் டாக்'குக்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், பாடகி கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' வந்தது. அதே ஃபேர்லைட்தான் அதன் முதுகெலும்பு. 'ரன்னிங் அப் தட் ஹில்' பாடலின் மறக்க முடியாத அந்த இசைத்துணுக்கு ஃபேர்லைட்டில் வாசித்தது, தாளம் லின் ட்ரம் இயந்திரத்தில் அமைத்தது. அந்தத் தாளம் கொஞ்சமும் நெகிழ்வதில்லை. ஆனாலும் பாடல் மூச்சு விடுகிறது. ஏனென்றால் கேட் புஷ் 1980இன் 'நெவர் ஃபார் எவர்' ஆல்பத்திலிருந்தே அந்தக் கருவியோடு பழகியவர். தன் குடும்ப வீட்டை ஒட்டியே ஸ்டுடியோ அமைத்து, மணிக்கணக்காகத் தானே அதில் உட்கார்ந்து மெட்டமைத்தார். பாட்டு அந்தக் கருவியிலேயே பிறந்தது. அவருடைய குரலும் மாறாத தாளத்தின் மேல் தாவி ஏறுவதற்கென்றே அமைந்த குரல். ஆகவே இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது.

அதே ஆண்டு ஜூனில் பிரிஃபாப் ஸ்ப்ரவுட் குழுவின் 'ஸ்டீவ் மெக்வீன்' வந்தது. தயாரிப்பாளர் அதே தாமஸ் டால்பி. குழுவின் பாடலாசிரியர் பாடி மக்கலூன் எழுதிவைத்திருந்த பாடல்களிலிருந்து பொறுக்கி எடுத்து, கிடார் எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றி மெல்லிய ஒலித்திரைகளைத் தொங்கவிட்டார் டால்பி. எண்பதுகளின் மிக அழகான ஆல்பங்களில் ஒன்று அது. எனவே டால்பியின் மேலும் பழி போட முடியாது. பாட்டு கையில் தயாராக இருந்தபோது அவர் அதற்கு இடம் விட்டு வேலை செய்தார். நான்கு பேர் சேர்ந்து முடிவெடுத்த ஸ்டுடியோவில் அந்த இடம் யாருடைய பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் போனதுபோல ஒலிக்கிறது.

ஏமாற்றத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பாடகர் நீல் யங்கின் கதை பாடம். 1982 டிசம்பர் இறுதியில் கெஃபன் நிறுவனமே வெளியிட்ட 'ட்ரான்ஸ்' ஆல்பத்தில் அவர் தன் குரலை வோகோடர் வழியாக அனுப்பி, ரோபோ குரலாக்கிப் பாடினார். ரசிகர்கள் திகைத்தார்கள். மூளைமுடக்குவாதத்தால் பேச முடியாத தன் மகனோடு பேச முயலும் தவிப்பு அதற்குப் பின்னால் இருந்தது என்பது பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. அதற்குள் 1983இல் நிறுவனம் அவர்மேல் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர் தரும் இசை அவருடைய இசையைப் போல இல்லை என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது. ஏமாந்த ரசிகர் மனசுக்குள் போடும் வழக்கும் பல சமயம் இதேதான்: நீ உன்னைப் போல இல்லை. ஒரு கலைஞர் யாரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. அதேசமயம், பின்னணி தெரிந்ததும் தீர்ப்பைத் தலைகீழாக்கிவிடவும் கூடாது. மகனின் கதை 'ட்ரான்ஸ்' ஏன் பிறந்தது என்று சொல்கிறது. எந்தப் பாடல் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

குரல் என்ற ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. எண்பதுகளின் நடுவில் மிட்செலின் உச்சஸ்தாயி மங்கத் தொடங்கியிருந்தது. குரல் கனத்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இதே காலத்தில் பாடகர் லெனார்ட் கோஹனின் குரலும் இறங்கியது. அவரும் மின்னணு ஒலிக்குத்தான் போனார். 1988இல் வந்த 'ஐ'ம் யுவர் மேன்' ஆல்பத்தின் கீபோர்டு ஒலிகள் எளிமையானவை, சில இடங்களில் மலிவானவை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவை குரலுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. கோஹனின் கரகரத்த தாழ்குரல் நட்டநடுவில் உட்கார்ந்து பேசுகிறது. வாத்தியங்கள் சுவரோரமாக நிற்கின்றன. மாறிய குரலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அமைத்த இசை அது. 'டாக் ஈட் டாக்' மிட்செலின் புதிய குரலைக் கேட்டு அமைத்த ஆல்பமாகத் தோன்றவில்லை. குரல் தாழும் நேரத்தில் வாத்தியங்கள் உயர்ந்துவிட்டன.

அவரே இந்தப் பாடல்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004இல் தன் சமூக விமர்சனப் பாடல்களைத் தானே தேர்ந்து தொகுத்தபோது இந்த ஆல்பத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தார். அவற்றில் சொல்லப்பட்டது அவருக்கு முக்கியம். கேட்பவரும் அந்த மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தின் முக்கியத்துவம் அதைச் சொன்ன ஒலியின் குறையை ஈடுகட்டிவிடாது.

அதற்குப் பின் நடந்தவையே இந்த விவாதத்துக்கு நல்ல விடை. 1991இன் 'நைட் ரைட் ஹோம்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் சில்வண்டு ஓசை தாளத்தோடு சேர்ந்து வருகிறது. ஸ்டுடியோ நுட்பம் அங்கேயும் இருக்கிறது, ஆனால் கிடார் நடுவுக்குத் திரும்பிவிட்டது, சொல்லுக்குக் காத்திருக்கிறது. 1995இல் ரோலண்ட் நிறுவனத்தின் வி.ஜி.8 என்ற கருவி அவர் கைக்கு வந்தது. கிடாரின் தந்திகளை மாற்றிக் கட்டாமலே, வேண்டிய ட்யூனிங்கை மின்னணு முறையில் வரவழைக்கும் கருவி அது. ஒவ்வொரு பாட்டுக்கும் தந்தி முறுக்கி அலுத்துப்போயிருந்தவருக்கு மேடை மீண்டும் சாத்தியமானது. எந்த இயந்திரத்தின் மேல் பழி போடப்பட்டதோ, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் அவருடைய கைக்கும் அந்த ஐம்பது ட்யூனிங்குகளுக்கும் துணைக்கு வந்தது. ஃபேர்லைட் அவருடைய பாட்டை வெளியிலிருந்து அலங்கரித்தது. வி.ஜி.8 அவருடைய இடது கையிலிருந்து தொடங்கியது.

ஆகவே ஒரு பாடலாசிரியர் எலக்ட்ரானிக் பாப்புக்குப் போகும் வழக்கத்தை மொத்தமாக வாழ்த்தவோ சபிக்கவோ காரணமில்லை. அந்த வழக்கத்தின் பலம் 'ஸ்மோக்கிங்' போன்ற பாடல்களில் இருக்கிறது. வேறெந்த வாத்தியத்தாலும் சொல்ல முடியாததை அங்கே இயந்திரம் சொல்கிறது. பலவீனம் 'குட் ஃப்ரெண்ட்ஸ்' போன்றவற்றில் இருக்கிறது. பாடகி ஏற்கெனவே நன்றாகச் சொல்லக்கூடியதை அங்கே இயந்திரம் சொல்லவிடாமல் செய்கிறது. பிடித்த கலைஞரின் புதிய ஆல்பம் ஏமாற்றும்போது பழைய ஆல்பத்தை எடுத்து அளவுகோலாக நீட்ட வேண்டாம். இந்தப் புதிய ஒலி இந்தக் குரலைக் கேட்கிறதா, இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். 'டாக் ஈட் டாக்'கின் பத்தில் நான்கில் ஆம் என்ற பதில் கிடைக்கிறது, மற்ற ஆறில் இல்லை. அந்த ஆறைப் பற்றி ஏமாற்றத்தை மறைக்காமல் சொல்வதும், அந்த நான்கை விடாமல் கேட்பதும்தான் மிட்செலைப் போன்ற ஒருவரை நேசிக்கிறவர் செய்ய வேண்டிய விமர்சனம்.